எலிக்குக் குணமான நோய்

சீனு,

போன ஞாயிற்றுக்கிழமை நம் சித்தூர் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: நான், உன் நைனா, நீ, உன் அக்கா பத்மா, அவள் வீட்டுக்காரர், புத்தூரிலிருந்து வந்த லாவண்யா, அவளுடைய அம்மா, அப்பா, தாய்மாமன். மொத்தம் ஒன்பது பேர். பத்மாவின் குழந்தை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது, அதைச் சேர்க்கவில்லை. இதை எழுதி வைப்பதற்குக் காரணம், நீ அன்று சொன்னது உண்மையில்லை என்று தெரிந்தவர்கள் அந்தக் கூடத்தில் உன்னைத் தவிர நான்கு பேர். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவர்களும் அதே நான்கு பேர். அதில் முதல் ஆள் நான்.

எப்படி ஆரம்பித்தது என்று உனக்கே ஞாபகம் இருக்கும். தட்டில் வைத்த வடையை நீ கையில் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தாய். லாவண்யாவின் மாமா சும்மா இருப்பாரா? "மாப்பிள்ளை, வடையத் துன்றீங்களா, இல்ல சாட்சிக்கு வெச்சிக்கினு இருக்கீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்துக்கொண்டே, "வயித்துல ஒரு பிரச்சினை இருந்தது மாமா. அடுத்த மாசம் ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கப்போறேன். ஆவணி முகூர்த்தத்துக்குள்ள சுத்தமா குணமாயிடும். அப்பறம் உங்க வீட்டுக்கு வந்து பதினஞ்சு வடை துன்றேன், பாருங்க" என்றாய். "ஸ்டெம் செல்லா! அதெல்லாம் சினிமாக்காரங்க போட்டுக்கறதாச்சே, மாப்பிள்ளை லெவலே வேற!" என்று அவர் தொடையைத் தட்டினார். இருந்தது என்றாய், சீனு. பத்து வருஷமாக உன் பெருங்குடலில் இருக்கிற புண்ணை, இன்றைக்கும் இருக்கிற நோயை, இருந்தது என்று சொன்னாய்.

அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களிடம் யார்தான் எல்லாவற்றையும் கொட்டுவார்கள் என்று நினைத்தேன். ஆனால் அவர்கள் போன பிறகு, நீ திருப்பதிக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாயே, "நாப்பது நாளைக்கு முன்னாடியே மாத்திரைய நிறுத்தணும்னு சொல்லியிருக்காங்கம்மா" என்று, அப்போதிலிருந்து எனக்கு நெஞ்சு ஒரு இடத்தில் நிற்கவில்லை. "எப்போலேருந்துடா?" என்றேன். "நான் பாத்துக்கறேன், விடும்மா" என்றாய். பைக் தெருமுனை திரும்பிவிட்டது. பருப்பில் இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டேன். நைனா தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டார். போனில் கேட்டால் "போட்டுக்கினுதாம்மா இருக்கேன்" என்பாய். குரலை வைத்து உன்னைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன். உறையை ஒட்டவில்லை. நைனா படிக்கட்டும், பத்மா படிக்கட்டும், நீ விரும்பினால் லாவண்யாவும் படிக்கட்டும்.

நீ மேசை மேல் விட்டுப்போன காகிதங்களை எடுத்து வைத்துக்கொண்டேன். அந்த ஊசி போடுகிற இடத்தின் வழவழப்பான புத்தகமும், அதன் கடைசிப் பக்கத்தில் "ஆராய்ச்சி ஆதாரம்" என்று போட்டிருந்ததை நீ பிரிண்ட் எடுத்து வைத்த கட்டும். உனக்குத் தெரியும், நான் எட்டாவதோடு நின்றவள். எனக்கு இங்கிலீஷ் வந்தது உன் மாத்திரை அட்டைகளிலிருந்தும், லேப் ரிப்போர்ட்டுகளிலிருந்தும், நீ பழையது என்று கொடுத்த டிக்‌ஷனரியிலிருந்தும்தான். உன் நோய்தான் எனக்குப் பள்ளிக்கூடம். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் சமையல் முடிந்ததும் அதையே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பால் கணக்கு எழுதுகிறவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாருக்கு, எவ்வளவு, எப்போது என்று முதலில் ஓரத்தில் குறித்துக்கொள்வேன். அப்படியே, ஒவ்வொரு கட்டுரையிலும் குணமானது யாருக்கு என்று பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தேன். எலி. எலி. சுண்டெலி. எலி. ஒன்றே ஒன்றில் நாய். கட்டு முடிந்துவிட்டது, சீனு. மனுஷன் என்று எழுத எனக்கு ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை.

பொய் எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லவில்லை. படித்தவர்கள், பொறுப்பாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொன்றின் கடைசியிலும், இது விலங்குகளில் பார்த்தது, மனிதர்களுக்கு இப்படியே ஆகும் என்று சொல்ல முடியாது, இன்னும் பார்க்க வேண்டும் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கடைசிப் பத்தி மட்டும் வழவழப்பான புத்தகத்தில் இல்லை. இன்னொன்றும் படித்தேன், அதிலிருந்து எனக்குப் பயம் இரட்டிப்பாகிவிட்டது. ரத்தக்குழாய் வழியாகச் செலுத்துகிற செல்களில் பெரும்பாலானவை முதலில் நுரையீரலில் போய்ச் சிக்கிக்கொள்கின்றனவாம். குடலுக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தானாம். போய்ச் சேர்ந்தவையும் அதிக நாள் இருப்பதில்லையாம். அப்படியென்றால் நல்லது செய்வது எது என்றால், அவை கசியவிடுகிற ஏதோ ஒன்றாக இருக்கலாம் என்கிறார்கள். இருக்கலாம், கூடும், போலும். எலியின் நுரையீரலைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, சின்ன வயதில் உனக்கு வீசிங் வந்து நான் மார்பில் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. புத்தகத்தை மூடிவிட்டேன்.

வியாழக்கிழமை திருப்பதிக்கு வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. பஸ் உன் ஆபீஸ் வழியாகத்தான் போனது, முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொண்டேன், நீ எங்கே பார்த்துவிடப்போகிறாயோ என்று. போனது சேகர் மாமாவைப் பார்க்க. உன் மாமா அந்த மெடிக்கல் காலேஜில், ஆராய்ச்சிக்கு வைத்திருக்கிற எலி ரூமில் இத்தனை வருஷம் வேலை பார்க்கிறான், நாம் எல்லோரும் அவனை "எலிக்கு மாமா" என்று கேலி செய்தோமே தவிர, அங்கே என்னதான் நடக்கிறது என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறோமா? "உள்ள காட்டுடா" என்றேன். "அதெல்லாம் உட மாட்டாங்கக்கா, நானே துணி மாத்தி, மூஞ்சிக்கு மாஸ்க் போட்டுக்கினுதான் போறேன். நீ புடவையும் பூவுமா வந்து நிக்கற" என்று எதிரே டீக்கடைக்குக் கூட்டிப் போனான். நான் காகிதங்களை பெஞ்சில் பரப்பினேன். அவன் ஒன்றைக்கூட எடுத்துப் பார்க்கவில்லை.

"அக்கா, எலிக்கு இந்த நோவு தானா வர்றதில்ல. நாமதான் வரவெக்கறோம். குடிக்கிற தண்ணில ஒரு பொடியக் கலந்து வெச்சிட்டா அஞ்சாறு நாள்ல கழிச்சல்ல ரத்தம் வரும், எடை இறங்கும். அப்பறம் சிலதுக்கு செல் ஊசி, சிலதுக்கு வெறும் உப்புத்தண்ணி ஊசி. தெனம் காலைல எடை போட்டு எழுதறது நம்ம வேலை."

"உப்புத்தண்ணி போட்டது செத்துப்போயிடுமா?"

"எல்லாம் எங்க சாவுது? பொடித் தண்ணிய எடுத்துட்டு நல்ல தண்ணி வெச்சா அதுவும் மெதுவா தேறிக்கும்க்கா. செல் போட்டது சீக்கிரம் தேறும், எடை கம்மியா இறங்கும். வித்தியாசம் நெஜம்தான், நானே கண்ணால பாத்திருக்கேன்."

"மனுஷனுக்கு எந்தத் தண்ணிய மாத்தறதுடா?" என்றேன். அவன் டீயைக் கலக்கிக்கொண்டே பேசினான். எல்லா வேலையும் இப்படியே இல்லை, திரும்பத் திரும்ப நோயை வரவைத்து நீண்ட நாள் பார்ப்பதும் உண்டு, வேறு மருந்து வைத்துச் செய்வதும் உண்டு என்றெல்லாம் சொன்னான். நான் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன், செல் போட்டுத் தேறின எலி அப்புறம் எத்தனை நாள் நன்றாக இருக்கும், ஒரு வருஷம் இருக்குமா, அதற்கு வேறு ஏதாவது வருமா என்று. "அப்பறம்னு ஒண்ணு இல்லக்கா" என்றான், ரொம்பச் சாதாரணமாக. "கொடலு வெளிய எடுத்து ஸ்கேல் வெச்சுத்தானே நீளம் பாக்கறாங்க. நோவு வந்தா கொடலு சுருங்கும், அது எவ்ளோ சுருங்கலன்னு காட்டணுமில்ல? உசிரோட வெச்சிக்கினு எப்படி..." என்று சொல்லிக்கொண்டே வந்தவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டான். "சீனுவுக்கா கேக்கற?" என்றான். அதுவரை நான் அவனிடம் சொல்லவே இல்லை.

அந்த வார்த்தைதான் என்னை விடவில்லை. அப்புறம் என்று ஒன்று இல்லை. நீ கையில் வைத்திருக்கிற ஆதாரம் எல்லாம் சில நாள், சில வாரத்தோடு முடிகிறது. அந்த எலிக்குக் கல்யாணம் இல்லை, அடுத்த வருஷம் இல்லை. உனக்கு நாற்பது வருஷம், ஐம்பது வருஷம் இருக்கிறது, அதில் என்ன நடக்கும் என்று ஒரு எலியும் இருந்து காட்டவில்லை. வீட்டுக்கு வந்து அந்தப் பெயர் இல்லாத ஜீவன்களுக்காகப் பெருமாளிடம் ஒரு விளக்கு வைத்தேன். உனக்குச் சிரிப்பு வரும். வரட்டும்.

நீ கேட்பாய், "ஃபோட்டோவோட போட்டிருக்காங்களேம்மா, குணமானவங்க பேசினதையெல்லாம்?" என்று. அதற்குப் பதில் சொல்லத்தான் எனக்கு மற்ற எவரையும்விட அதிகத் தகுதி இருக்கிறது. அதைச் சொல்ல பத்து வருஷமாக எனக்குத் துணிவு வரவில்லை.

உனக்குப் பத்தொன்பது வயது, பாலிடெக்னிக் கடைசி வருஷம். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை, எல்லாம் ரத்தம். வேலூர் டாக்டரம்மா நோயின் பெயரைச் சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அன்றைக்கே நான் வேண்டிக்கொண்டேன், ரத்தம் நிற்க வேண்டும், புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை மலையடிவாரம் அலிபிரியிலிருந்து உன்னை நடத்திக் கூட்டிவந்து முடி கொடுக்க வைக்கிறேன், படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைக்கிறேன் என்று. நீ தட்டைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்திலேயே ஏறினாய். பாதி வழியில், "அம்மா, காலைலேருந்து பாத்ரூமே வரலம்மா!" என்று அத்தனை ஜனங்களுக்கு நடுவில் கத்தினாய். முன்னால் போன ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்து, "மஞ்சிதி நாயனா, மஞ்சிதி", நல்லதுப்பா நல்லது என்று தெலுங்கில் சொல்லி உன் தலையைத் தொட்டுவிட்டுப் போனாள். நான் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். மலையிறங்கி வீட்டுக்கு வந்ததும் மாத்திரை அட்டைகளை எடுத்துக் கட்டி பரண்மேல் போட்டேன். "சாமி குடுத்ததுக்கு அப்பறமும் மாத்திரை போட்டா அவர் மேல சந்தேகம்னு ஆயிடும்டா" என்றேன். "டாக்டர் நிறுத்தக்கூடாதுன்னாங்களேம்மா" என்றாய். "டாக்டருக்கு டாக்டர் யாரு?" என்றேன். நீ என் பிள்ளை, நம்பினாய். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் மொட்டைத் தலையோடு உன்னைக் காட்டி, பெருமாள் குணமாக்கிவிட்டார் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தீபாவளிக்குப் புது வேட்டியில் ரத்தம். கார்த்திகையில் வேலூர் வார்டு. முப்பத்தெட்டு கிலோ. குடலையே எடுக்க வேண்டி வரலாம் என்று ஆபரேஷன் டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். டாக்டரம்மா கட்டிலருகே வந்து, "ஏம்ப்பா நிறுத்தினே? படிச்ச புள்ளதானே? உசிரோட விளையாடறியா?" என்று உன்னைத் திட்டினார். நீ என்னைப் பார்த்தாய். நான் ஜன்னலைப் பார்த்தேன். நீ, "மறந்துட்டேன் மேடம்" என்றாய்.

அன்று மாலை, டாக்டர் கேட்டார்கள் என்று தேதிகளை எடுத்துக் கொடுக்க பால் கணக்கு நோட்டைப் புரட்டினேன். அதன் பின்பக்கத்தில்தான் தினமும் எத்தனை முறை, ரத்தம் உண்டா இல்லையா என்று எழுதி வைத்திருந்தேன். ரத்தம் நின்றது ஒரு புதன்கிழமை. நாம் மலையேறியது அதற்கு அடுத்த வாரம் சனிக்கிழமை. நடுவில் பத்து நாள். என் கையால் எழுதினது, என் கண்ணெதிரே இருந்தது, நான் கூட்டிப் பார்க்கவில்லை. மாத்திரை தன் வேலையைச் செய்து முடித்த பிறகுதான் நாம் படியில் கால் வைத்தோம். நான் பெருமாளைக் குறை சொல்லவில்லை, சீனு, இன்றைக்கும் என் மூச்சு அவர்தான். அவர் மாத்திரை வழியாகக் கொடுத்ததைப் படி வழியாகக் கொடுத்தார் என்று வரவு எழுதினவள் நான். அந்த நோட்டை டாக்டரிடம் காட்டவில்லை. உன்னிடமும் காட்டவில்லை.

உன் நோய் ஏறும், இறங்கும். இறங்குகிற நேரத்தில் பக்கத்தில் யார் நிற்கிறார்களோ பேர் அவர்களுக்குப் போய்விடுகிறது. அந்த வழவழப்பான புத்தகத்தில் சிரிக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மொட்டைத் தலையோடு சிரித்த உன் முகம்தான் தெரிகிறது. அன்றைக்கு யாராவது உன்னை ஃபோட்டோ எடுத்து, "குணமானவர்" என்று போட்டிருந்தால் அதுவும் பொய்யில்லை. இரண்டு மாதம் கழித்து எடுத்திருந்தால்தான் தெரிந்திருக்கும். அவர்களை இரண்டு மாதம் கழித்துப் பார்த்தது யார்?

ஊசி வேண்டாம் என்று நான் சொன்னால் நீ கேட்க வேண்டியதில்லை. மாத்திரையை நிறுத்து என்று சொன்ன வாய் இது, அதற்கப்புறம் உன் வைத்தியத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதை நீ கவனித்திருப்பாய். பேச எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறக்காததும் அதனால்தான். அது மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன், உண்மையில் அது பயம். லாவண்யா அன்று கைகழுவ உள்ளே வந்தபோது, "அத்தை, அவருக்கு என்ன சாப்பிட்டா ஒத்துக்கும், என்ன ஒத்துக்காது? நான் எழுதி வெச்சிக்கறேன்" என்று போனைக் கையில் எடுத்தாள். "சும்மா கேஸ் டிரபுள்மா" என்றேன். எழுதிக்கொள்கிறேன் என்று தானாகக் கேட்கிற பெண். அவளிடம் "இருந்தது" என்று சொல்வதற்காகத்தானே நீ இந்த ஊசிக்குப் போகிறாய்? "இருக்கிறது" என்று சொல்லிப்பாரேன். அவள் போய்விடுவாளோ என்று எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வார்டில் உன் கட்டிலருகே நின்ற பயத்துக்கு முன்னால் இது ஒன்றுமில்லை.

நேற்று சனிக்கிழமை தனியாக வேலூருக்குப் போனேன். டாக்டரம்மாவுக்கு இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. முறை வந்ததும் உட்காராமலே சொன்னேன், "மேடம், பத்து வருஷத்துக்கு முன்னாடி மாத்திரைய நிறுத்தினது என் புள்ள இல்ல, நான்" என்று. அவர் ஃபைலிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "தெரியும்மா. பையன் முழிச்ச முழியிலயே அன்னிக்கே தெரிஞ்சுது. உட்காருங்க" என்றார். பிறகு நீ விட்டுப்போன புத்தகத்தைக் காட்டினேன். முழுக்கப் படித்தார், சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "நானும் இதுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன். மனுஷங்களுக்கும் முறையா செஞ்சு பாத்துக்கிட்டுதான் இருக்காங்க. அனுமதியோட செய்யற ஆராய்ச்சியில ஊசிக்குக் காசு கேக்க மாட்டாங்க, வருஷக்கணக்கா பின்னாடியே வந்து பாப்பாங்க. அவனுக்குப் பொருந்தற மாதிரி ஒண்ணு வந்தா நானே கூப்பிட்டுச் சொல்றேன். ஆனா மாத்திரைய நிறுத்தச் சொல்ற இடத்துக்கு என் பேஷண்ட் போகக்கூடாது" என்றார். அப்புறம் பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார், "இப்ப போட்டுக்கிட்டு இருக்கானா, நிறுத்திட்டானா? நிறுத்தியிருந்தா எத்தனை நாளாச்சு? அதைப் பொறுத்துதான் நான் என்ன செய்யணும்னு சொல்ல முடியும்." பேனா காகிதத்தின் மேல் அப்படியே நின்றது. பெற்ற எனக்கே பதில் தெரியவில்லை.

நிறுத்தியிருந்தால் தாமதிக்காமல் புதன்கிழமை உன்னைக் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார், ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். திட்டமாட்டேன் என்றும் சொல்லச் சொன்னார். ஊசி, ஆவணி, லாவண்யா எல்லாவற்றையும் பிறகு பேசுவோம், நீ என்னைத் திட்ட வேண்டியதும் நிறைய இருக்கும், அதையும் பிறகு திட்டு. நாளை காலை முதல் பஸ்ஸில் நைனா இதை எடுத்துக்கொண்டு உன் ரூமுக்கு வருகிறார். மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறாயா, நிறுத்திவிட்டாயா, நிறுத்தினது எந்தத் தேதி? இதற்கு மட்டும் உண்மையை எழுதி, நாளைக்கே அவர் கையில் கொடுத்தனுப்பு.

அம்மா